மறுநாள் தசைவலி, அமினோ துணையூட்டம்: சொற்களை முடிவு செய்வோம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் அகராதிக்கு உடற்பயிற்சிச் சொற்களைத் தமிழில் வைக்கும் பேச்சின் தொடர்ச்சி இது. முதலில் 'டாம்ஸ்' (DOMS), அதாவது பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு தாமதமாக வரும் தசைவலி. அதற்கு வந்த ஒரு பரிந்துரை:

> "தாமதமாகத் தொடங்கும் தசை வேதனை" என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் முழுசா வந்துடுது.

அண்ணா, பொருள் வருகிறது, வாயில்தான் வராது. கோயம்புத்தூரில் ஒரு ஜிம் பயிற்சியாளர் புதிதாகச் சேர்ந்த பையனிடம் இத்தனை நீளமாகச் சொல்லமாட்டார். 'டாம்ஸ்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பையனுக்கும் புரியும்படி 'மறுநாள் தசைவலி' என்று வைப்போம்.

பழக்கமில்லாத பயிற்சி செய்த அன்று பெரிதாக எதுவும் தெரியாது. மறுநாள் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். 'மறுநாள்' என்றால் எப்படி, மூன்றாம் நாளும் வலிக்கிறதே என்று குழுமத்தில் ஓர் அக்கா கேட்டிருந்தார். சரிதான், ஆனால் சொல் வலியின் தொடக்கத்தைக் காட்டினால் போதும், மீதியை விளக்கம் பார்த்துக்கொள்ளும்.

'அமில வலி' என்ற பரிந்துரையைக் கட்டாயம் கைவிட வேண்டும். லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் இந்த வலி என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கடும் பயிற்சியில் ஏறும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்பில் இருக்கும் வடிவம்), பயிற்சியை நிறுத்தி ஒரு மணி நேரம் போல ஆனதும் பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் வரும் வலிக்கு அது எப்படிக் காரணமாகும்? தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களே காரணம் என்று உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். இன்று நுண்சேதத்தோடு, தசையையும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுவையும் தொடும் அழற்சியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தவறான காரணத்தைப் பெயரிலேயே பூட்டிவிட்டால் பிறகு கழற்ற முடியாது. 'பிடிப்பு' என்பதும் வேண்டாம், கெண்டைக்கால் சட்டென்று சுருட்டி இழுப்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

நம் பக்கத்தில் இதை விளக்கக் கோவை வெள்ளியங்கிரி மலை போதும். ஏழு மலையும் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் படி இறங்க விடாமல் தொடையைப் பிடித்து உட்கார வைப்பது இறங்கி வந்த பாதைதான். இறக்கத்தில் தொடைத்தசை உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. இந்த வலியை அதிகம் கிளப்புவது அந்த வகை வேலைதான். மூங்கில் தடி ஊன்றி இறங்கினால் அந்தப் பாரத்தில் கொஞ்சத்தைக் கை வாங்கிக்கொள்ளும். சில வாரத்தில் திரும்பவும் போனால் முன்பு போல வலிக்காது, தசை அதற்குள் பழகியிருக்கும்.

அப்புறம், 'சப்ளிமெண்ட்'. 'இணை உணவு' வேண்டாம். அங்கன்வாடிச் சத்துமாவுக்கு அந்தப் பெயர் ஊன்றிவிட்டது. 'ஊட்ட மருந்து' அதைவிட மோசம், குணமாக்கும் என்ற வாக்குறுதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'துணையூட்டம்' என்றால் சாப்பாடு முதலில், இது துணைக்கு என்ற வரிசை சொல்லிலேயே நிற்கும். இந்த வரிசைதான் எனக்கு முக்கியம். பிசிஏஏ (BCAA) என்ற அமினோ அமிலத் துணையூட்ட டப்பா வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு, காலையில் வெறும் டீயோடு பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிசிஏஏ-வுக்கு 'கிளைத்தொடர் அமினோ அமிலம்' என்ற பரிந்துரையை ஏற்கிறேன். அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தைக் கட்டும் துண்டுகள். பிசிஏஏ-வில் இருப்பவை லியூசின், ஐசோலியூசின், வேலின் என்று மூன்று. உடம்பு தானே செய்துகொள்ள முடியாத, இன்றியமையா அமினோ அமிலங்கள் ஒன்பதில் இவை அடக்கம். தசைப் புரதம் கட்டும் வேலையை லியூசின் முடுக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கட்டி முடிக்க ஒன்பதும் வேண்டும். மறுநாள் வலியை இந்த மூன்றும் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. இழந்த வலு சீக்கிரம் திரும்புகிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போவதில்லை. ஆகவே அகராதி விளக்கத்தில் 'வலி நீக்கும்' என்று எழுதக் கூடாது, 'வலியைச் சற்றுக் குறைக்கலாம்' என்பதோடு நிற்க வேண்டும்.

ஒன்பதும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் நாமக்கல் முட்டை இருக்கிறது, ஒன்றில் 6 கிராம் போலப் புரதம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு நம் அரிசிம்பருப்பு சாதம்: அந்த ஒன்பதில், அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு தரும், பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி தரும். துணையூட்டம் என்ற பதிவில் இந்த எடுத்துக்காட்டையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

'ரெகவரி'க்கு 'மீட்பு' என்றால் தீயணைப்பு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. "உடம்பு தேறிருச்சா?" என்று ஊரில் கேட்கிறோமே, 'தேறுதல்' போதும். 'தேறல்' என்று சுருக்க வேண்டாம், சங்கப் பாட்டில் அது கள்ளின் தெளிவு.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பாரம் தாங்கியபடி தசை நீளும் அந்த வேலைக்கு (ஆங்கிலத்தில் eccentric contraction) 'நீள்சுருக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். நீள்வதும் சுருங்குவதும் ஒரே சொல்லில் மோதுகின்றன. 'தாங்குநீட்சி' பரவாயில்லையா? உடலியல் படித்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.