மண்டபத்தில் நார்வேக்காரர்கள் இருந்தார்களா? கொல்லைக் கதவில் ஒரு பித்தளைத் தகடு

பாம்பன் பொண்ணு கேட்டது:

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறது. உள்ளங்கை அகலம், நாலு மூலையிலும் ஆணி. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், படித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. போன வாரம் கதவுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது. ஆங்கில எழுத்துதான், ஆனால் ஆங்கிலம் இல்லை. 'மோட்டார்' என்பதும் 'பெர்கன்' என்பதும் புரிகிறது. நடுவில் ஒரு சொல்லில் ஓ எழுத்தின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கீறல் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். போகவில்லை, அச்சே அப்படித்தான்.

தாத்தாவிடம் கேட்டால், "அது நார்வேக்காரன் மிசின்ல இருந்தது" என்கிறார். அவன் எதற்கு எங்கள் பக்கத்து ஊர் மண்டபத்துக்கு வந்தான் என்றால், "ஐஸ் போட வந்தான்." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அவன் வந்துதான் மடியும் வந்துச்சு" என்றார். அதைச் சொன்னபோது குரல் சரியில்லை. மடி என்றால் இழுவை வலை.

நான் மீன்வளம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பாடத்தில் இந்தியா–நார்வே திட்டம் பற்றி ஒரே ஒரு பத்தி வருகிறது. அதில் கேரளா மட்டும்தான் இருக்கிறது. மண்டபம் இதில் எங்கே வந்தது? செமினாருக்கும் வேண்டும். அதைவிட, தாத்தாவுக்கு என்ன கோபம் என்று தெரிய வேண்டும்.

சூடைமீன்:

தங்கச்சி, முதலில் அந்தத் தகட்டைப் பழைய பித்தளைக்குப் போடாமல் வைத்திரு. எங்கள் ஊரில் மூன்று நங்கூரமும் ஒரு கோயில் மணியும் அப்படித்தான் போயின.

பழைய மெக்கானிக்:

அம்மாடி, உன் தாத்தா சொன்னது இரண்டுமே சரி. எனக்கு 79 வயது. 1966-ல் மண்டபத்து ஐஸ் பிளான்ட்டில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு கம்ப்ரசர் மெக்கானிக் ஆனவன். ஊரில் அதற்கு அப்போது 'நார்வே புராஜெக்ட்' என்றுதான் பேர். நான் சொல்லச் சொல்லப் பேரன் டைப் அடிக்கிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவன் கணக்கு.

தொடங்கியது கேரளாவில்தான். 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நார்வே அப்போது பணக்கார நாடு இல்லை. போரில் ஐந்து வருடம் ஜெர்மன்காரன் கையில் கிடந்துவிட்டு, தானே அமெரிக்கக் காசில் வீடு கட்டிக்கொண்டிருந்த நாடு. அது வெளிநாட்டுக்கு என்று செய்த முதல் உதவித் திட்டமே இதுதான். 1953-ல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரையில் இறங்கினார்கள். மீன் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்க் குழாய், படகு கட்டும் பட்டறை எல்லாம் சேர்த்து. இருக்கிற வள்ளத்திலேயே எஞ்சினை மாட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்களாம். நம் வள்ளம் துடுப்புக்கும் பாய்க்கும் பழகிய உடம்பு, எஞ்சினோடு ஒத்துப்போகவில்லை. அப்புறம்தான் எஞ்சினுக்கென்றே புதுப் படகு கட்ட ஆரம்பித்தார்கள்.

1960களில் தலைமையிடம் எர்ணாகுளத்துக்குப் போனது. கண்ணூர், கார்வார், மண்டபம் மூன்றிலும் கிளை போட்டார்கள். மண்டபம் ஏன் என்று உன் செமினாரில் கேட்பார்கள். என் கணக்கு இது: இங்கே இரண்டு கடல். வாடை அடிக்கும்போது பாக் நீரிணை கொந்தளிக்கும், மன்னார்ப் பக்கம் அடங்கிக் கிடக்கும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கிற காலத்தில் அப்படியே தலைகீழ். வருடம் முழுக்கத் தொழில் பார்க்கலாம். ரயில் வாசலில் நிற்கிறது. அதோடு மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-லிருந்தே மண்டபம் கேம்பில் இருந்தது. 1947-ல் சென்னையில் தொடங்கியதை இங்கே கொண்டுவந்தார்கள். கேம்ப் என்றால் இலங்கைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்திவைத்த இடம். அந்தக் கட்டடங்களில் அப்புறம் மீனைக் கிழித்துப் பார்த்தார்கள்.

ஐஸைப் பற்றிச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அம்மோனியா அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகும். உப்பு இருப்பதால் உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய தகர டின்களை வரிசையாக இறக்கிவிடுவோம். மறுநாள் டின்னைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் 'சளக்' என்று கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நடுவில் வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும், சுற்றிலும் கண்ணாடி. முதல் நாள் அதை நான் நக்கிப் பார்த்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது.

நார்வேக்காரர் ஒருவர் எனக்கு வால்வு திறக்கக் கற்றுக்கொடுத்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்றே சொல்: மெதுவா, போதும், சாப்பாடு. ஒருநாள் அவர் இல்லாத நேரம் நான் 'மெதுவா'வை மறந்துவிட்டு ஒரே திருகாகத் திருகி, அம்மோனியா பீறிட்டு, கண் தெரியாமல் கடற்கரை வரைக்கும் ஓடித் தண்ணீரில் விழுந்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

ஐஸ் வருவதற்கு முன்னால் பாறை மீனோ சீலா மீனோ, வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். இல்லையென்றால் வாடியில் உப்புப் போட்டுக் கருவாடு. வியாபாரி பத்து மணி வரைக்கும் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பான். அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் விலை. ஐஸ் வந்ததும் அந்தப் பத்து மணி போனது. நார்வேக்காரன் செய்ததில் பெரியது எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். லைலான் வலை அடுத்தது. பருத்தி வலையைப் பட்டைச் சாயத்தில் முக்கி முக்கி எங்கள் அப்பா கை எப்போதும் காவி நிறமாக இருக்கும்.

இப்போது மடி. இரண்டு பலகை, நடுவே மடி. படகு இழுக்க இழுக்கப் பலகை இரண்டும் காற்றாடி மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகும், மடி வாயைத் திறக்கும். அடிச்சங்கிலி சேற்றைக் கிளறும், புதைந்து கிடக்கிற இறால் துள்ளி உள்ளே விழும். அமெரிக்காக்காரன் இறாலுக்குக் கொடுத்த விலையைக் கேட்டபிறகு கேரளாவில் யாரும் வேறு மீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் தாமதம். ஏழை ஊர்க்காரன் தட்டில் மீன் விழ வேண்டும் என்று வந்த திட்டம், கடைசியில் இறாலைக் கட்டிக் கப்பலில் ஏற்றுகிற வேலையாக ஆகிப்போனது.

ஆராய்ச்சியும் நடந்தது, இல்லை என்று சொல்லக்கூடாது. கலவா, வருணா என்று அவர்கள் கொடுத்த ஆராய்ச்சிக் கப்பல்களில் நம் விஞ்ஞானிகள் போனார்கள். கொல்லத்துக்கு வெளியே ஆழத்தில் இறாலும் சிங்கி இறாலும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இங்கே கேம்பிலிருந்து ஒரு தம்பி தினமும் கரைக்கு வருவான். கூடையிலிருந்து ஒரு கை இறால் அள்ளி, ஒவ்வொன்றையும் ஸ்கேலில் வைத்து அளந்து நோட்டில் எழுதுவான். ஆள் ஏன் இப்படிக் கிறுக்குப் பிடித்து அலைகிறான் என்று சிரிப்போம். அளவு குறைந்துகொண்டு வருவது அந்த நோட்டில் இருந்திருக்கும். மடி இழுப்பதை நாங்கள் பத்து நாளில் கற்றுக்கொண்டோம். அந்த நோட்டை எவனும் கேட்டு வாங்கிப் படித்ததில்லை, நானும்தான்.

1971-ல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் கொச்சிக்குப் போனது, இங்கே கிளை நின்றது. 1972-ல் நார்வே திட்டத்தை முழுசாக இந்தியா கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். தகடு அப்போது எங்கிருந்தோ உன் தாத்தா கைக்கு வந்திருக்கும். எந்தப் படகு என்று அவரிடமே கேள்.

மழையூர்க்காரன்:

தங்கச்சிமடத்துக்காரன், இப்போது நார்வேயில் அந்த பெர்கன் ஊரிலேயே மீன் தீவனக் கம்பெனியில் வேலை. மழையில் நனைந்துகொண்டே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை நின்ற நாளை எண்ணிவிடலாம்.

அந்தக் கோடு போட்ட ஓ நார்வே எழுத்துதான், டேனிஷிலும் உண்டு. உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஏ' சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும். தீவு என்பதற்கு இவர்கள் சொல்லும் சொல் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. பாம்பன் வீட்டுக் கதவுக்குப் பொருத்தம்தான்.

ஐயா எழுதியதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று: நார்வே தன் கடலில் இழுவைப் படகை இஷ்டத்துக்கு விட்டதில்லை. 1930களிலேயே சட்டம் போட்டு இறுக்கியது. கரையோரத்தில் சின்னப் படகில் தூண்டிலும் வலையும் போடுகிறவர்கள் சத்தம் போட்டதால் வந்த சட்டம் அது. அந்தச் சட்டத்தை மட்டும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவில்லை.

இரண்டு: நம் ஊரில் பாடம் நடத்திய அதே 1960களில் அவர்களுடைய ஹெர்ரிங் மீன் அழிந்தது. நம் சூடைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். மீன் கூட்டத்தைக் காட்டும் சோனார் வந்தது, வலையைத் தூக்க எந்திரம் வந்தது, பத்து வருடத்துக்குள் கூட்டமே காலி. மறுபடி அது தேறி வர இருபது வருடம் ஆனது. இங்கே பழைய ஆட்கள் அதைப் பேசும்போது உங்கள் தாத்தா மாதிரியேதான் சுவர்ப் பக்கம் திரும்புகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு விஞ்ஞானி சொன்ன அளவைத் தாண்டிப் பிடிக்க விடுவதில்லை என்று பழகிக்கொண்டார்கள். இன்றைக்கும் 'டாக்டர் ஃப்ரிட்யோஃப் நான்சென்' என்ற ஆராய்ச்சிக் கப்பலை ஐ.நா.வின் உணவு அமைப்போடு சேர்ந்து உலகம் சுற்ற விடுகிறார்கள். 2018-ல் இலங்கையைச் சுற்றி மீன் கணக்கு எடுத்தது.

சம்மாட்டி மகன்:

பெர்கன் அண்ணே, சட்டம் எல்லாம் சரி. கடனை யார் கட்டுவது? ராமேசுவரத்தில் எங்கள் அப்பா முதல் மடிப்படகு எடுத்தபோது அதுதான் முன்னேற்றம் என்றார்கள். மானியம் கொடுத்தார்கள். இன்றைக்கு அதே தொழிலைச் செய்தால் கடலை அழிக்கிறவன் என்கிறார்கள். இரண்டையும் எங்களிடம் சொன்னது படித்தவர்கள்தான்.

பாக் நீரிணை என்பது ஆறேழு பாகம் (பாகம் என்றால் கிட்டத்தட்ட ஆறடி) ஆழமுள்ள குளம், அண்ணே. அதில் மடி போட்டால் தரையைத்தான் வழிக்கும். தாழை என்கிற கடல் புல்லும் வரும், பொடி நண்டும் வரும், பாதிக்கு மேல் சங்காயம், அதாவது விலை போகாத கழிவு மீன். அதை அள்ளும்போது எனக்கே அருவருப்பாக இருக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். இலங்கை 2017-ல் மடியையே தடை செய்து சட்டம் போட்டுவிட்டது. அக்கரையில் சின்ன வலை போடுகிறவனும் தமிழன்தான், அவன் வலையை எங்கள் பலகை அறுக்கிறது. எங்கள் படகு ஒன்று இப்போது அங்கே கரையில் காய்ந்துகொண்டிருக்கிறது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

மடியை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை பிடிக்கப் போ என்று அதே 2017-ல் ஒரு திட்டம் வந்தது. படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் 20 சதவீதம், வங்கிக் கடன் 20, நம் கை 10. அதாவது எட்டு லட்சம் ரொக்கம், பதினாறு லட்சம் கடன். காலையில் போய் மறுநாள் காலையில் மனைவி கையால் காப்பி குடிக்கிற ஆட்களை, பல நாள் தண்ணீரில் கிடந்து தூண்டில் போடு என்றால் யார் கற்றுக்கொடுப்பது? நார்வேக்காரன் மாதிரி பக்கத்தில் நின்று 'மெதுவா' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஒன்றைத்தான் இப்போது எந்தத் திட்டத்திலும் காணோம்.

இலங்கையும் நாமும் ஒரே குளத்தைப் பாதிப் பாதியாக வைத்துக்கொண்டு, எத்தனை இறால் இருக்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்த்தால் என்ன? எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நார்வேயோடு சேர்ந்து செய்ய முடிந்ததுதானே.

பாம்பன் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா எழுதியதைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐஸ் கட்டியில் வெள்ளை நரம்பு என்ற இடத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

தகடு எங்கே கிடைத்தது என்று கடைசியில் சொல்லிவிட்டார். தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வத்தையில், அதாவது சின்ன நாட்டுப் படகில், தொழில் பார்த்தவர்கள். தாத்தா மடிப்படகில் கூலிக்கு ஏறினார், சின்னத் தாத்தா வத்தையிலேயே இருந்தார். ஒரு ராத்திரி தாத்தா இருந்த படகின் பலகை சின்னத் தாத்தாவின் வலையை வாரிக்கொண்டு வந்துவிட்டது. மடியைக் கொட்டியபோது தளத்தில் அந்த வலை கிடந்திருக்கிறது. அவரே பின்னிய முடிச்சு என்பதால் பார்த்த உடனே தெரிந்ததாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அந்தப் படகை உடைத்தபோது எஞ்சினிலிருந்து கழற்றிய தகடுதான் இது. அதை ஏன் கதவில் அடித்தீர்கள் என்று கேட்டேன். "ஓட்டை இருந்துச்சு, மூடுறதுக்கு" என்றார்.

பெயின்ட்டைத் தகட்டைச் சுற்றி அடிக்கச் சொல்கிறார்.

ஐயா, ஒன்று கேட்கச் சொன்னார்: "அம்மோனியாவைத் திறந்துவிட்டுட்டு வேட்டி இல்லாம கடலுக்கு ஓடினானே, அவனா இது?"

பழைய மெக்கானிக்:

வேட்டி இருந்தது. பாதி வழியில்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன் என்று சொல்.