மறு: ஜியோகேச்சிங் – ‘புதையல்’ என்ற சொல் ஏன் ஒத்துவராது

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஜியோகேச்சிங்குக்குத் தமிழ்ச்சொல் கேட்டு வந்த மடலுக்கு இதுவரை கிடைத்த பதில்களில் ‘புவிப்புதையல்’, ‘புதையல் வேட்டை’ ஆகிய இரண்டும் அதிக ஆதரவு பெற்றிருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. காங்கேயம் பக்கத்தில் ஒரு கரட்டின் (சிறு பாறைக் குன்றின்) அடியில் நான்கு ஆண்டுகளாகப் பெட்டியொன்றை வைத்துப் பராமரித்து வருபவன் என்பதால், சொல்லின் அழகைக் காட்டிலும், அதைக் கேட்ட ஒருவர் கையில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்பதே எனக்கு முதலில் தோன்றுகிறது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர் புகாத சிறு பெட்டியில் ஒரு குறிப்பேட்டை இட்டு, கண்ணுக்குச் சட்டென்று படாத ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒருவர் இணையத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் கைபேசியோ ஜிபிஎஸ் கருவியோ கொண்டு தேடிப் போய்க் கண்டெடுத்து, ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வருகிறார்கள். உள்ளே சிறு பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்துவிட வேண்டும்.

இந்த விளையாட்டின் ஆங்கிலப் பெயரே நம்முடையதைப் போன்ற ஒரு மடற்குழுவில் பிறந்தது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகைகளில் (சிக்னல்களில்) வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2ஆம் நாள் நீக்கியது. நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் ஒரே இரவில் பல மடங்கு துல்லியமாயின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை வைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். அப்போது அதை ‘ஸ்டாஷ்’ வேட்டை என்றார்கள். போதைப்பொருளை ஒளித்து வைப்பதற்கும் அதே சொல் வழங்கியதால், மே 30ஆம் நாள் மாட் ஸ்டம் என்பவர் ‘ஜியோகேச்சிங்’ என்று மாற்றலாம் என எழுதினார். ‘கேச்’ என்பது ஒளித்தலைக் குறிக்கும் ஃபிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வட அமெரிக்கத் தோல் வேட்டைக்காரர்கள் உணவையும் தளவாடங்களையும் மறைத்து வைத்த இடத்துக்கு அது பெயர். ஆகவே கெட்ட வாடை அடிக்கும் ஒரு சொல்லை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தேடும் வேலையை அவர்களும் செய்திருக்கிறார்கள்.

இனி ‘புதையல்’. அதன் வேர் ‘புதை’ என்பதில் யாருக்கும் ஐயமிராது. இந்த விளையாட்டிலோ வைப்பதற்காகவும் மண்ணைத் தோண்டக் கூடாது, எடுப்பதற்காகவும் தோண்டக் கூடாது. (அல்மரின் வாளி பாதி புதைந்துதான் இருந்தது என்பது வேறு கதை, விதிகள் பிற்பாடு வந்தவை.) வேறு வட்டாரத்தில் இது சிறு பிழையாகப் போகலாம். வெள்ளலூரில் உரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்ததையும், நொய்யல் கரையில் கொடுமணலில் அகழாய்வுக் குழிகள் தோண்டியதையும் கேட்டு வளர்ந்த நம் ஊர்களில், ‘இந்தக் கரட்டில் ஒரு புதையல் இருக்கிறது, எண்கள் இதோ’ என்று தமிழில் எழுதினால், மறுவாரமே அங்கே கடப்பாரைத் தழும்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். என் பெட்டிக்குள் கிடக்கும் பொம்மைக் கார் இன்றைய விலையில் அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதை வேடிக்கைக்காகவே குறிப்பிடுகிறேன்.

‘பதுக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பொருளளவில் நெருக்கமான சொல்தான். ஆனால் ரேஷன் அரிசி மூட்டைகள் நினைவுக்கு வராமல் அதைப் படிக்க என்னால் இயலவில்லை. ‘ஸ்டாஷ்’ பட்ட பாட்டைத்தான் இதுவும் படும்.

‘வைப்பு’ என்பதை நானே முதலில் விரும்பினேன். அதைக் கைவிட்ட காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பெட்டி இருப்பது ஒரு கொறங்காட்டின் ஓரம். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் கொழுக்கட்டைப் புல்லுமாக மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் தனியார் நிலம் அது. நிலத்துக்காரரிடம் முறையாக அனுமதி பெற்றிருந்தேன். அங்கே நாள்தோறும் நடமாடும் மேய்ப்பரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஆண்டில் அவர் அதைத் தற்செயலாகத் திறந்துவிட்டார். தேடி வந்தவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுச் சென்றதில் உள்ளே ஒரு பாசிமணிச் சரம், கைக்கண்ணாடி, ஐந்து ரூபாய் நாணயம், சிவப்பு நூல் சுற்றிய மடித்த தாள் ஆகியவை இருந்தன. அந்தத் தாள் ஒரு சிறுமி வரைந்த யானைப் படம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, “இதை யாரோ வெச்சுட்டுப் போயிருக்கறாங்க, நான் தொட மாட்டனுங்க” என்றார். ‘வைப்பது’ என்றால் நம் ஊர்ப்புறத்தில் செய்வினையும்தான். படத்தைப் பிரித்துக் காட்டி விளக்குவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அன்றே மூடியின் மேல் இது இன்ன விளையாட்டுக்கான பெட்டி என்றும், என் கைபேசி எண்ணையும் தமிழில் எழுதி ஒட்டினேன். நகரத்துக்குள் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளைக் கண்ட கோவையில், பேருந்து நிலையத்தில் ஆளில்லாமல் கிடக்கும் பெட்டியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் முன்வைக்கும் சொல் ‘செருகல்’. எங்கள் அப்பத்தா தோட்டத்துக்குப் போகும்போது சாளையின் (தோட்டத்து வீட்டின்) சாவியை எறவாரத்தில், அதாவது கூரையின் தாழ்ந்த விளிம்பில், செருகிவிட்டுப் போவார். அரிவாளும் அங்கேதான் இருக்கும். வழிப்போக்கர் கண்ணுக்குப் படாது. இடம் தெரிந்தவர் எடுப்பார், வேலை முடிந்ததும் அதே ஓலையிடுக்கில் திரும்பச் செருகுவார். வேறிடத்தில் வைத்தால் வீட்டில் ஏச்சு விழும். இந்த விளையாட்டின் ஒழுக்கம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. பெட்டிக்குரியவர் ‘செருகியவர்’, தேடிச் செல்பவர் ‘தேடுநர்’, முழு விளையாட்டு ‘செருகல் தேடல்’. பதிவு செய்கையில் ‘கிட்டியது’, ‘கிட்டவில்லை’ என்ற இரண்டு சொற்கள் போதும். ‘புவி’ என்ற முன்னொட்டு வேண்டாம் என்பது என் எண்ணம். ‘புவிச்செருகல்’ என்றால் பாறையியல் பாடம் போல ஒலிக்கிறது.

‘கிட்டவில்லை’ என்பதைப் பதிய வெட்கப்படக் கூடாது என்றும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பதிவுகளைப் பார்த்துத்தான் சென்ற கார்த்திகையில் என் பெட்டியை நான் போய்ப் பார்த்தேன். நான்கு கவ்விகளில் ஒன்று வெயிலில் முறிந்திருந்தது. மூடியின் ரப்பர் விளிம்பு விறைத்து ஒரு மூலையில் பிளந்திருந்தது. மழைநீர் புகுந்து ஏடு ஊதிப்போய், பேனாவால் எழுதியவை நீலக் கறையாகக் கரைந்திருக்க, பென்சிலால் எழுதிய பெயர்கள் மட்டும் படிக்கும்படி நின்றன. அடியில் சித்தெறும்பு முட்டையிட்டிருந்தது, யாரோ மிட்டாய் போட்டதன் பயன். பெட்டியும் சற்று நகர்ந்து கல்லுக்குப் பின்னால் விழுந்திருந்தது. அதைக் காணாத ஒருவர் தானே புதுப் பெட்டியொன்றை வைத்து ‘கிட்டியது’ என்று பதிந்திருந்தால், ஒரே இடத்தில் இரண்டு பெட்டிகள் கிடந்து அடுத்து வருபவர்களைக் குழப்பியிருக்கும். நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது தவறுதான். பழுதைப் பார்ப்பது செருகியவரின் கடமை. அதனால்தான் அடிக்கடி போய்ப் பார்க்க இயலாத தொலைவில் யாரும் செருகக் கூடாது. சுற்றுலா வந்த இடத்தில் பெட்டியை விட்டுவிட்டு ஊர் திரும்புபவர் செருகியவர் ஆகமாட்டார். அவர் போட்டது குப்பை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

– காங்கேயத்திலிருந்து

* * *

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

‘புதையல்’ வேண்டாம் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ‘செருகல்’ என்பதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. அச்சொல் கையை இடுக்குக்குள் அழைக்கிறது.

நான் பெரும்பாலும் தனியாகவே நடப்பவள். சென்ற ஆண்டு பொள்ளாச்சிக்குக் கிழக்கே ஒரு கரட்டில் எண்கள் காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எண்களின் கடைசி இலக்கம், அதாவது ஒரு கலையின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கின்) ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் இரண்டு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் திறந்த வானத்தின் கீழேயே கைபேசி ஐந்து மீட்டர் வரை பிழைபடும், பாறைச் சரிவை ஒட்டினால் குறிகை எதிரொலித்து இன்னும் விலகும். ஆகவே அங்கிருந்த இடுக்குகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் துழாவினேன். நான்காவது இடுக்கில் கை வைப்பதற்கு முன் எதனாலோ குச்சியை நீட்டினேன். உப்புத்தாளைத் தேய்ப்பது போன்ற ஒலி வந்தது. சுருட்டை விரியன். சுருண்டு, செதில்களை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஒலி அது. ஒரு சாண் நீளம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகுதான் மற்றவை நினைவுக்கு வந்தன. எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கவில்லை. திரையை அணைக்காமலே நடந்ததால் கைபேசியில் 18 விழுக்காடு மின்னூட்டமே எஞ்சியிருந்தது. ஜிபிஎஸ், கைபேசிக் கோபுரம் இல்லாமலும் இயங்கிக்கொண்டிருந்ததால், பேசுவதற்குக் கோபுரம் கிடைக்கவில்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை. கடித்திருந்தால் 108ஐ அழைக்க ஒரு கிலோமீட்டர் இறங்க வேண்டும். கடிபட்டவர் நடக்கவே கூடாது என்பதுதான் முதல் விதி. இறங்கி இட்டேரியை (வேலிகளுக்கு இடையிலான வண்டித்தடத்தை) பிடித்தபோது இருட்டிவிட்டது.

ஆகவே ‘மறைபேழை’ என்ற சொல்லைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்; அது கண்ணுக்கு மறைவு என்பதோடு நிற்கிறது. அத்துடன் கடினம், நிலப்பாங்கு ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை உடுக்குறி (நட்சத்திரக் குறி) இடுவதைப் போல, தனியாகச் செல்பவர் வீட்டில் எழுதி வைத்துச் செல்ல வேண்டிய நேரத்துக்கும் ஒரு சொல் வேண்டும். இந்த நேரத்துக்குள் நான் அழைக்காவிட்டால் தேடத் தொடங்குங்கள் என்ற அந்த நேரத்தை ‘திரும்புகெடு’ எனலாமா?

இன்னொன்று. சத்தியமங்கலம், ஆனைமலை புலிகள் காப்பகங்களிலும் பிற காப்புக் காடுகளிலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்க நிலவியல் சங்கம் 2004இல் தொடங்கிய ‘எர்த்கேச்’ என்ற வகையில் பெட்டியே கிடையாது. பாறையையோ மண்ணடுக்கையோ பார்த்துக் கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். அதைச் ‘செருகல்’ என்பது பொருந்துமா?

– பொள்ளாச்சியிலிருந்து

* * *

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மடலைப் படித்த கையோடு என் பெட்டியைப் பற்றித்தான் யோசித்தேன். அது கல்லுக்குப் பின்னால் விழுந்து கிடந்த நாட்களில், யாரோ ஒருவர் நீங்கள் துழாவியதைப் போலத் துழாவியிருப்பார்.

‘மறைபேழை’ நல்ல சொல். ஆனால் பேழை என்றதும் எனக்கு ஈமப்பேழைதான் கண்முன் வருகிறது. முதுமக்களின் ஈமச்சின்னங்கள் நிறைந்த வட்டாரத்தில் அது சற்று இடிக்கிறது. பழைய ஃபிலிம் டப்பா அளவே உள்ள சிறு பெட்டிகளைப் பேழை என்பதும் மிகை. ஆகவே ‘செருகல்’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, உங்கள் அச்சத்தை விளக்கத்துக்குள் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எறவாரச் சாவியும் கீழே நின்று அண்ணாந்தால் நுனி தெரியும்படிதான் இருக்கும். பொதுச் சொற்பட்டியலுக்கான வரைவு வருமாறு:

செருகல்: இட எண்களைக் கொண்டு தேடிக் காண்பதற்காக, நிலத்துக்குரியவரின் அனுமதியோடு, தோண்டாமலும் புதைக்காமலும், குனிந்தோ அண்ணாந்தோ பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்படியும் குச்சியால் தட்டிப் பார்த்தபின் எடுக்கும்படியும் வைத்துப் பேணப்படும் சிறு பெட்டி.

பெட்டியில்லாத வகைக்கு அச்சொல் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் ‘காண்புள்ளி’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். அறச்சலூர் இசைக் கல்வெட்டு போன்ற இடங்களுக்கும் அதுதான் தகும். கன்னிமார் தெய்வங்களாக வழிபடும் ஏழு கற்களுக்கு அருகில் இரண்டுமே வேண்டாம்; தேடி வந்தவர் அந்த ஏழு கற்களில் ஒன்றைப் புரட்டிவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது. ‘திரும்புகெடு’ எனக்குப் பிடித்திருக்கிறது. கெடு என்பது கடன்காரர்கள் முதல் எல்லோரும் அறிந்த சொல், விளக்கமே தேவைப்படாது.

விளையாட்டை அறியாத வழிப்போக்கரை ஆங்கிலத்தில் ‘மகிள்’ என்கிறார்கள்; அதற்கும் சொல் வேண்டும் என்று முதல் மடலில் கேட்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைப்பது அங்கே விளையாட்டின் ஒரு பகுதி. அதற்கு நான் தமிழ் தேடப் போவதில்லை. இப்போதெல்லாம் மழை விட்டதும் அந்த மேய்ப்பரைத்தான் அழைத்து, மூடி சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் அவரே அழைத்து, இரண்டு பேர் வந்து எழுதிவிட்டுப் போனார்கள், ஆனால் வேலிப் படலைச் சாத்தாமல் போய்விட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.

– காங்கேயத்திலிருந்து