2 டிபி (டெராபைட்) டிஸ்க் வாங்கினேன், கணினி 1.81 என்கிறது. 1.9 டிபி வீடியோ அடங்குமா?

செங்காங்_அம்மா:
வணக்கம். போன மாதம் என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை மூன்று கேமரா வைத்து எடுத்தார்கள். தொகுத்த வீடியோ வந்துவிட்டது. வெட்டாத காட்சிகளும் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கேமராக்காரத் தம்பி, "எல்லாம் சேர்த்து 1.9 டிபி அக்கா. 2 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள், ஏற்றித் தருகிறேன். சனிக்கிழமைக்கு மேல் என் பக்கம் அழித்துவிடுவேன்" என்றார்.

வாங்கி வந்து வீட்டு விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால் 1.81 டிபி என்று காட்டுகிறது. புத்தம்புது டிஸ்க், உள்ளே ஒன்றுமே இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாமே அப்படித்தான் லா" என்று சிரிக்கிறார். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாமா, இல்லை 4 டிபி வாங்கித் தொலைக்கவா?

பழைய_மதர்போர்டு:
இரண்டும் வேண்டாம் அக்கா. டிஸ்க் படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'புராப்பர்ட்டீஸ்' திறங்கள். 'கெப்பாசிட்டி' வரியில் நீளமாக ஓர் எண் இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள்.

செங்காங்_அம்மா:
2,000,396,742,656 பைட். பக்கத்திலேயே 1.81 டிபி. ஒரே வரியில் இரண்டு கணக்கு!

பழைய_மதர்போர்டு:
டப்பாவில் போட்டது பொய்யில்லை, பாருங்கள். இரண்டு லட்சம் கோடி பைட், கொசுறு வேறு. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் கிலோ, மெகா, கிகா, டெரா என்று ஒவ்வொரு படிக்கும் 1024 வைக்கிறது. உங்கள் எண்ணை 1024-ஆல் நான்கு முறை வகுத்தால் 1.819 வரும். கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு 1.81 என்கிறது.

பழைய பவுன் காசு 7.98 கிராம், நகைக்கடைக் கணக்கில் ஒரு பவுன் 8 கிராம். பெயர் ஒன்று, எடை இரண்டு. அங்கே வித்தியாசம் துளிதான். இங்கே படிக்குப் படி வளர்கிறது: கிலோபைட்டில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10. முன்பு யாரும் சண்டை போடாததற்கு அதுதான் காரணம். பழைய 1.44 எம்பி ஃபிளாப்பி இன்னும் கூத்து. அதில் 1,474,560 பைட். ஒரு முறை 1000, ஒரு முறை 1024 என்று இரண்டையும் கலந்து பெருக்கினால்தான் அந்த 1.44 வரும்!

1998-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குத் தனிப் பெயர்கள் கொடுத்தது. கிலோவுக்கு இணை கிபி (kibi), கிகாவுக்கு இணையும் கிபி (gibi). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, கிறிஸ்துவுக்குப் பின் வேறு இருக்கிறது. டெராபைட்டுக்கு இணையான டெபிபைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் எண்ணுவது டெபிபைட்டில், எழுதுவது டெராபைட் என்று. குழப்பம் முழுக்க அங்கேதான்.

சரி, முக்கியமான கேள்வி. அந்தத் தம்பி 1.9 என்று பார்த்தது எந்தக் கணினியில்?

வீடியோகாரன்:
நானும் அதே தொழில். எங்களில் பலர் ஆப்பிள் மேக்தான். அளவும் பொருந்துகிறது: 4கே-யில் விநாடிக்கு 400 மெகாபிட் வைத்து எடுத்தால், 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்து 50 மெகாபைட். மூன்று மணி நேரத்துக்கு 540 ஜிபி (கிகாபைட்), மூன்று கேமராவுக்கு 1.62 டிபி. ஒத்திகையும் புகைப்படமும் சேர்ந்தால் 1.9 வரும்.

செங்காங்_அம்மா:
போன் போட்டுக் கேட்டேன். மேக்தான்.

பழைய_மதர்போர்டு:
அப்போ அடங்கும். மேக் 2009-லிருந்து டிஸ்க் தயாரிப்பாளர் மாதிரியே ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. அவருடைய 1.9 உங்கள் விண்டோஸில் 1.72 என்று தெரியும். தொண்ணூறு ஜிபி சொச்சம் மிச்சமே இருக்கும். நீங்கள் மேக் எண்ணை விண்டோஸ் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஈசூன்வாசி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வீட்டில் 1 கிகா பிராட்பேண்ட். பதிவிறக்கம் 110 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. இதுவும் 1024 விவகாரமா?

பழைய_மதர்போர்டு:
இல்லை தம்பி, இது பிட்டா பைட்டா என்ற கணக்கு. இணைய வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள். 1000 மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால் 125 மெகாபைட். வழிச்செலவு போக 110 என்பது நல்ல வேகம். அதை நோண்டாதீர்கள்.

செங்காங்_அம்மா:
புதுத் தலைவலி. டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேக்கில் திறக்கிறது, ஆனால் ஒரு கோப்பைக்கூட உள்ளே போட முடியவில்லையாம்.

வீடியோகாரன்:
டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் சேமிப்பு முறையில் வந்திருக்கும். மேக் அதைப் படிக்கும், எழுதாது. காலியாகத்தானே இருக்கிறது? எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் வேலை செய்யும். தப்பித்தவறி ஃபேட்32 வேண்டாம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, உங்கள் மகளின் வர்ண நடனமே அதில் நிற்காது. கேபிளையும் கவனியுங்கள். பழைய யூஎஸ்பி 2 என்றால் விநாடிக்கு 35 எம்பிதான் போகும், பதினைந்து மணி நேரம் இழுக்கும்.

செங்காங்_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸ்ஃபேட் போட்டு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கியது விடியற்காலை நாலுக்கு முடிந்ததாம். வீட்டில் செருகிப் பார்த்தேன்: 1.72 டிபி. 4 டிபி செலவு மிச்சம்.

ஒரு கோப்பை மட்டும் திறந்து பார்த்தேன். 5.58 ஜிபி. அவர் மேக்கில் 6 என்று இருந்திருக்கும், விநாடிக்கு 50 எம்பி என்றால் இரண்டு நிமிடம். நானே கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஓடவிட்டேன், சரியாக இருந்தது. மேடை ஓரக் கேமராவை இடைவேளையில் அணைக்க மறந்திருக்கிறார்கள். மகள் சலங்கையோடு பெட்டி மேல் உட்கார்ந்து, உதட்டுச் சாயம் படாமல் பிஸ்கட்டை விண்டு விண்டு வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.