பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிடுகிறது

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

வணக்கம். என் தம்பி 2013-இல் பிளஸ் டூ படித்தபோது பெற்ற விலையில்லா மடிக்கணினியை, இப்போது பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் என் மகளுக்காக மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். 2 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளத்தின், பழைய கணினிகளுக்கு ஏற்ற எளிய எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் முறை கோப்புகள் நகலாகும்போது பாதியில் "எர்ரர் நம்பர் 5, இன்புட்/அவுட்புட் எர்ரர்" என்று நின்றது. வேறு பென்டிரைவில் எழுதி, கோப்பு பழுதின்றி இறங்கியதா என்று காட்டும் செக்சம் எண்ணையும் சரிபார்த்து மீண்டும் முயன்றபோது, அதே பிழை முன்னதைவிடச் சீக்கிரமாகவே வந்தது. மறுநாள் காலை மூன்றாம் முறை முயன்றபோது நகலாக்கம் முழுதாக முடிந்தது. ஆனால் கடைசியில், கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் க்ரப் பூட்லோடரை நிறுவ முடியவில்லை என்ற செய்தி வந்தது. இப்போது எதுவும் பூட் ஆகவில்லை.

டி டிரைவில் காலமான என் தந்தையாரின் புகைப்படங்கள் இருப்பதால், டிஸ்க் முழுவதையும் அழிக்கும் வாய்ப்பைத் தவிர்த்து, இடத்தை நாமே தேர்ந்து பிரிக்கும் "சம்திங் எல்ஸ்" வழியாகச் சி டிரைவ் இருந்த இடத்தில் மட்டுமே நிறுவினேன். மேலும் இரண்டு செய்திகள்: பேட்டரி செயலிழந்துவிட்டதால் சார்ஜரில்தான் இயங்குகிறது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி 2012 ஜனவரி 1 என்றே காட்டுகிறது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது இது பரணில் இருந்தது, நனையவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

நெல்லிக்குப்பம் வாசகர்:

சகோதரி, நிறுவலை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். பென்டிரைவிலிருந்து நேரடியாக மின்டை இயக்கி, டி டிரைவைத் திறந்து, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு இன்றே நகலெடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்றே தோன்றுகிறது.

லாஸ்பேட்டை (புதுச்சேரி):

நெல்லிக்குப்பம் நண்பரின் அக்கறை நியாயமானது. ஆனால் நகலெடுப்பதற்கு முன் ராமைச் சோதித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஸ்க்கில் ஒரு பகுதி கெட்டிருந்தால் நிறுவல் பெரும்பாலும் அதே இடத்தை ஒட்டித்தான் நிற்கும். பென்டிரைவில் உள்ள கோப்பு பழுதாக இருந்தாலும் அப்படியே. உங்களுக்கோ வெவ்வேறு பென்டிரைவில் வெவ்வேறு இடத்தில் நின்று, ஒருமுறை நிற்காமலே முடிந்திருக்கிறது. இது ராமில் உள்ள கோளாறுக்கே அதிகம் பொருந்துகிறது. கெட்ட ராமின் வழியாக நகலெடுத்தால், பிழைச் செய்தி எதுவும் வராமலே சில படங்கள் சிதைந்த நிலையில் பதிவாகக்கூடும். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போது பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கும். அதற்குள் மூலமும் போயிருக்கும்.

ஆகவே முதலில் மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எழுதி இயக்குங்கள். அது ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. சிவப்பு வரி ஒன்று வந்தாலும் சோதனையை நிறுத்திவிட்டு, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்த பின், அடிமூடியைத் திறந்து ராமைக் கழற்றுங்கள். நனையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; ஆனால் வெள்ளம் வடிந்த வீட்டில் பல நாள் தங்கும் ஈரமும் நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றும் சேர்ந்தால், ராமின் பொன்னிறத் தொடுமுனைகளில் கறை படிவதற்கு அதுவே போதும். மென்மையான பென்சில் அழிப்பானால் ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் பொருத்துங்கள். பிறகு மீண்டும் சோதனை. இம்முறை இரவு முழுவதும் ஓடட்டும்.

ராம் தேறிய பின், பென்டிரைவிலிருந்து மின்டை இயக்கி, அதில் உள்ள டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் தகவலை, அதாவது ஹார்ட் டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைப் பாருங்கள். 5 (கெட்டதால் மாற்றப்பட்ட பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள்) ஆகிய எண்களுக்கு எதிரே சுழியம் இருந்தால் அச்சமின்றி நகலெடுக்கலாம். 197-இல் எண்ணிக்கை இருந்தால் சாதாரணமாக நகலெடுக்காமல் இங்கே எழுதுங்கள். பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் பிரதி எடுக்கும் முறையைச் சொல்கிறேன்.

க்ரப் பிழை இதற்குத் தொடர்பில்லாத வேறொரு சிக்கல். இரண்டும் கலந்து வந்ததால்தான் நீங்கள் குழம்ப நேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 7 இருந்த அந்த டிஸ்க் அநேகமாகப் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் முறை பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறையில் பூட் ஆகியிருக்க வேண்டும். அம்முறையில் க்ரப் அமர்வதற்கு ஈஎஃப்ஐ பகுதி என்ற தனி இடம் தேவை. டிஸ்க் முழுவதையும் அழித்தால் நிறுவியே அதை உருவாக்கிக்கொள்ளும், "சம்திங் எல்ஸ்" வழியில் நாம்தான் உருவாக்க வேண்டும். பூட் மெனுவைக் கவனித்தால் உங்கள் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை இருக்கலாம், ஒன்றின் முன் "யூஇஎஃப்ஐ" என்று இருக்கும். அது இல்லாத வரியைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த 2012 ஜனவரி 1 என்ற தேதியை நீங்கள் குறிப்பிட்டது பெரிய உதவி. தேதியையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்க உள்ளே உள்ள சீமாஸ் என்னும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது தீர்ந்த பின் சார்ஜரைப் பிடுங்கினால் பூட் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். அதை மாற்றாமல் எத்தனை முறை லெகசி (யூஇஎஃப்ஐ-க்கு முந்தைய பழைய தொடக்க முறை) என்று அமைத்தாலும் நிலைக்காது.

நெல்லிக்குப்பம் வாசகர்:

ராம் கெட்டிருந்தால் நகலும் கெடும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன். சகோதரி, லாஸ்பேட்டை ஐயா சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள்.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

ஐயா, மெம்டெஸ்ட் தொடங்கிய நான்காம் நிமிடத்திலேயே திரை சிவப்பானது. ராமைக் கழற்றிப் பார்த்தபோது, பொன்னிறப் பற்களில் ஓரமாக உள்ள ஏழெட்டில் பச்சையும் கறுப்புமாகப் பொடி போன்ற கறை இருந்தது. நீங்கள் கூறியபடி துடைத்துப் பொருத்தி இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் ஒரு பிழைகூட இல்லை. ஸ்மார்ட்டில் 5, 197 இரண்டுமே சுழியம். 11 ஜிபி படங்களை வெளி டிஸ்க்கில் எடுத்து, பத்து இருபது படங்களைத் திறந்தும் பார்த்துவிட்டேன். அப்பா சில்வர் பீச்சில் என் மகளைத் தோளில் தூக்கி நிற்கும் படமும் பழுதில்லாமல் இருக்கிறது.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் சீமாஸ் பேட்டரியை மாற்றினேன். பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறைதான் இருந்தது. "யூஇஎஃப்ஐ" இல்லாத வரியில் தொடங்கியதும் நிறுவல் தடையின்றி முடிந்தது. மகள் இப்போது அதில்தான் பைத்தான் பயிற்சிகளைச் செய்கிறாள். பிரவுசரில் நான்கு டேப் திறந்தால் மட்டும் மிகவும் மெதுவாகிறது. ராம் கூட்டலாமா?

லாஸ்பேட்டை (புதுச்சேரி):

படங்கள் பத்திரமாகக் கிடைத்ததில் மனம் நிறைந்தது, அம்மா. ராமைக் கூட்டுங்கள்; மின்டுக்கு 2 ஜிபி குறைந்தபட்ச அளவுதான், 4 ஜிபியையே பரிந்துரைக்கிறார்கள். ராம் பொருத்தும் இடம் ஒன்றுதானா இரண்டா என்று பார்த்துவிட்டு, மடிக்கணினிக்கான டிடிஆர்3 வகை ராம் கேளுங்கள். பழைய துண்டின் லேபிளில் "பிசி3எல்" என்று இருந்தால் அதே வகையைத்தான் வாங்க வேண்டும், அது 1.35 வோல்ட்டில் இயங்குவது, 1.5 வோல்ட் ராம் அங்கே இயங்காமல் போகலாம். பழைய துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். புதியதைப் பொருத்திய அன்றிரவும் மெம்டெஸ்டை ஒருமுறை ஓடவிடுங்கள்.