22 பேருக்கு மட்டன் பிரியாணி: மேல் அரிசி வேக மாட்டேங்குது

தீபாவளி மதியம் மதுரையில நம்ம வீட்ல 22 பேர். பிரியாணி நான்தான்னு வாயை விட்டுட்டேன். ஒரு கிலோ வரைக்கும் குக்கர்ல பிசகினதே இல்லை, அண்டாவுக்கு மாறினதும்தான் தகராறு.

ரெண்டு ஞாயிறு ஒத்திகை பார்த்தாச்சு. சீரகச் சம்பா 2.5 கிலோ, கறி 2.5 கிலோ, ஒண்ணுக்கு ஒன்றரை தண்ணி, அரிசி அரை மணி ஊறல். வீட்டு கேஸ் அடுப்பு, மெல்லிசான அலுமினிய அண்டா. முதல் வாட்டி அடியில விரல் கனத்துக்குக் கருகல், மேல அரிசி நறுக் நறுக்குன்னு. அடுத்த வாட்டி தோசைக்கல்லை அடியில கொடுத்து, மூடி மேல சிரட்டைத் தணல் போட்டு 25 நிமிஷம் தம். கருகல் நின்னுது, மேலாப்புல இன்னும் வேகல. தண்ணியைக் கூட்டினா குழைஞ்சிரும்னு அத்தை சொல்றாங்க. அவங்க கைப்பக்குவம் தெரிஞ்சதால மறுத்துப் பேசல.

விறகடுப்புக்கு இடமில்லை. இதே அண்டாவுல, தண்ணி கூட்டாம மேல் அரிசி வேகணும்னா, தம் போடுறதுக்கு முன்னாடி எதை மாத்தணும்?