வாட்ஸப் வெப்: க்யூஆர் கோடே வரவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, அலுவலக வைஃபையில் web.whatsapp.com என்பதைத் திறந்தால் க்யூஆர் கோடு வரவேண்டிய இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் அதே கணினி, அதே குரோம்: கோடு உடனே வருகிறது, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' வழியாக ஸ்கேனும் ஆகிறது. வைஃபைக்குத் திரும்பினால் மறுபடி துண்டிப்பு.

பார்த்தவை: கணினியின் தேதி, நேரம் சரி. விபிஎன், ஆட்பிளாக்கர் இல்லை. இன்காக்னிட்டோவிலும் இதேதான். 4 சாதன வரம்பில் 2 மட்டுமே இணைந்துள்ளன. (14 நாள் போன் ஆஃப்லைனில் இருந்தால் வெளியேறிவிடும் என்பதும் தெரியும், அது இல்லை.)

கோடே வெப்சாக்கெட் (உலாவிக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாகத்தான் வருகிறது என்பதால் அலுவலக ஃபயர்வால் (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் அமைப்பு) மீதுதான் சந்தேகம். போன் எண்ணை வைத்து 8 எழுத்துக் குறியீட்டில் இணைப்பதற்கும் அதே இணைப்பு வேண்டுமே! 443 போர்ட்டில் (https தளங்களுக்கான வழி) வெப்சாக்கெட்டோடு whatsapp.net துணை டொமைன்களையும் திறக்கச் சொல்ல வேண்டுமா? எஸ்எஸ்எல் சோதனையிலிருந்து (மறையாக்கிய தரவை ஃபயர்வால் பிரித்துப் பார்ப்பது) இவற்றை விலக்கினால் போதுமா? நெட்வொர்க் பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.