டிரைக்கில் பறக்க ஜி.பி.எஸ்: ஏரா வாங்கலாமா, இருக்கிற போனே போதுமா?

காவேரிப்பட்டணம் செல்வா

எல்லோருக்கும் வணக்கம். வேலை ஒசூரில், வீடு காவேரிப்பட்டணத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டைப் பக்கம் ஒரு மண் ஓடுதளத்திலிருந்து டிரைக் ஓட்டுகிறேன், அதாவது துணி இறக்கைக்குக் கீழே மூன்று சக்கர வண்டி தொங்கும் சின்ன விமானம். ரோட்டாக்ஸ் 582 என்ஜின், திறந்த இருக்கை. லைசென்ஸ், கிளப் அனுமதி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அந்தக் கேள்வி வேண்டாம்.

இதுவரை தொடையில் கட்டிய ஆண்ட்ராய்டு போனை வைத்தே சமாளித்து வந்தேன். அதில் மூன்று தொல்லை. வெயில் ஏறினால் திரையில் என் முகம்தான் தெரிகிறது, வரைபடம் தெரிவதில்லை. ஏப்ரல், மே என்றால் சூடு தாங்காமல் அணைந்தும்விடுகிறது. அடுத்தது உயரம். தரையில் நிற்கும்போதே, டிரைக்கில் உள்ள ஆல்டிமீட்டரைவிடப் போன் கிட்டத்தட்ட 90 மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. கூடிக் குறைந்தால்கூடச் சரி என்று விடலாம், எப்போதும் அதே அளவு. மூன்றாவது, 12 வோல்ட் சாக்கெட்டில் சார்ஜர் செருகினால் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.

பார்த்து வைத்திருப்பவை: கார்மின் கம்பெனியின் ஜி.பி.எஸ் கருவிகளான ஏரா 660, ஈட்ரெக்ஸ் 32எக்ஸ், இல்லையென்றால் வீட்டில் சும்மா கிடக்கும் ஐபேட். துபாயில் மச்சான் இருக்கிறார். அங்கே கார்மினின் ஜி.பி.எஸ்.மேப் 66ஐ (66i) ஒன்று மலிவாக வருகிறது, எடுத்து வரட்டுமா என்கிறார். எதை எடுக்கலாம்?

ஒசூர் பிரபு

ஐபேடையே கட்டுங்க சார். பெரிய திரை, காசும் மிச்சம். இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?

கெலமங்கலம் மணி

பிரபு தம்பி, கொஞ்சம் பொறுங்க. செல்வா, உங்கள் ஐபேட் சிம் போடுகிற மாடலா, வைஃபை மட்டுமா? வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ் சிப்பே கிடையாது. வீட்டில் இடம் காட்டுவது சுற்றியுள்ள வைஃபையை வைத்து. மேலே போனால் நீலப் புள்ளி அப்படியே நின்றுவிடும். செல்லுலார் மாடல் என்றால் சிம் போடாமலே ஜி.பி.எஸ் வேலை செய்யும். வைஃபை மாடலையே கட்டுவேன் என்றால் கார்மின் குளோ 2, பேட் எல்ஃப் மாதிரி புளூடூத் ரிசீவர் தனியாக வாங்க வேண்டும்.

அதை வாங்கினாலும் சூடு விடாது. ஆப்பிள் தன் கருவிகளுக்குச் சொல்லும் மேல் எல்லை சுற்றுப்புறம் 35 டிகிரி. நம் மாவட்டத்தில் ஏப்ரல் மதியம் நிழலிலேயே அதைத் தாண்டும். கூடாரம் இல்லாத டிரைக்கில் பளபளக்கும் கண்ணாடித் திரையை வெயிலில் விரித்து வைப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

உயரக் கதைக்கு வருகிறேன். போன் கெட்டுப் போகவில்லை. ஜி.பி.எஸ் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியை வழவழப்பான, சற்றே தட்டையான ஒரு கணித உருண்டையாக வைத்துக்கொண்டு அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. அதற்குப் பெயர் டபிள்யூ.ஜி.எஸ் 84. நிஜக் கடல் மட்டமோ புவியீர்ப்பு இழுக்கிறபடி மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே பெரிய பள்ளம் இந்தியாவுக்குத் தெற்கே இந்துமாக் கடலில். அங்கே கடல் மட்டம் அந்தக் கணித உருண்டையைவிட 106 மீட்டர் கீழே. நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில் குடியிருக்கிறோம். ஒசூர், தருமபுரி வட்டாரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 85 முதல் 90 மீட்டர். உங்கள் ஆப் அதைத் திருத்தாமல் வந்த எண்ணை வந்தபடி காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஐபோன் தானே திருத்திக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டில் 14-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருந்தாலும் ஆப் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கார்மின் கைக்கருவிகள் உள்ளேயே திருத்திவிடும்.

சந்தேகம் இருந்தால் ராயக்கோட்டை ரயில் நிலையத்துக்குப் போய் மஞ்சள் பலகைக்குக் கீழே நில்லுங்கள். பலகையின் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அதையும் போனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

இன்னொன்று. குறைத்துக் காட்டினால் பாதுகாப்புதானே என்று நினைக்காதீர்கள். மலைக்கு வேண்டுமானால் அது பாதுகாப்பு. உங்களுக்கு அனுமதித்த உச்ச உயரம் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போனை நம்பினால் கிட்டத்தட்ட 300 அடி மேலே நிற்பீர்கள்.

பாலக்கோடு மாதவன்

மணி சார், நம் ககன் வந்த பிறகும் இந்தப் பிரச்சினையா? இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து இதற்குத்தானே செய்தார்கள்?

கெலமங்கலம் மணி

ககன் நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் வேலை வேறு மாதவன். தரை நிலையங்களில் ஜி.பி.எஸ் பிழையை அளந்து, திருத்தத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கொடுக்கிறது. 2013 டிசம்பரில் வழிப்பயணத்துக்கும், 2015 ஏப்ரலில் உயர வழிகாட்டலோடு தரையிறங்கவும் சான்று கிடைத்தது. அந்தத் திருத்தத்தை வாங்கும் ரிசீவரில் எண் குதிக்காமல் நிற்கும். எங்கிருந்து அளப்பது என்பதை அது மாற்றாது. திருத்தாத ஆப்பில் ககனும் சேர்ந்தால் அதே 90 மீட்டர் தவறு இன்னும் துல்லியமாக வரும்.

தளி நாகராஜ்

நான் பறக்கிற ஆள், கருவி ரிப்பேர் தெரியாது. ஓட்டுகிறவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் இடத்தில் வழி தவறுவது கஷ்டம். கிருஷ்ணகிரி அணை, ராயக்கோட்டைக் கோட்டை மலை, ஒசூர் போகும் ரயில் பாதை, நாற்கர சாலை, எல்லாமே மேலிருந்து பளிச்சென்று தெரியும். ஜி.பி.எஸ் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு, அதாவது அனுமதியில்லாமல் நுழையக் கூடாத வான்வெளியின் எல்லைக்கு. ஒசூரிலிருந்து பெங்களூரு எச்.ஏ.எல் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. டிரைக்கின் வேகத்தில் அரை மணி நேரம்கூட ஆகாது, பின்காற்று இருந்தால் இன்னும் சீக்கிரம். அங்கே தேஜஸ் சோதனைக்கு எழும்புகிறது. ஒசூருக்குத் தெற்கே பெலகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் இருக்கிறது, பராமரிப்புக்கு விமானங்கள் வந்து போகும். இந்த எல்லைகளைத் திரையில் காட்டாத கருவியில் மற்ற எது இருந்தும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

ஏரா 660 விமானத்துக்கென்றே செய்தது. வான்வெளி, மலை எச்சரிக்கை எல்லாம் உண்டு. ஐந்து அங்குலத் திரை, பேட்டரி நான்கு மணி நேரம் என்கிறார்கள். ஆனால் விமான டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது, அதற்குத் தனிச் சந்தா. இந்தியா எந்தத் தொகுப்பில் வருகிறது, வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்காமல் கருவி விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். தொடுதிரை வேறு. டிசம்பர் காலையில் கையுறையோடு அதைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் மலையேறுகிறவர்களுக்கான கருவி. இரண்டு சாதாரண ஏ.ஏ பேட்டரி, 25 மணி நேரம். திரை 2.2 அங்குலம்தான், ஆனால் வெயில் பட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும் ரகம். பொத்தான்தான், கையுறையோடு அழுத்தலாம். காற்றழுத்த உயரமானியும் உண்டு. 22எக்ஸில் அது இல்லை, விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள். வான்வெளி வரைபடம் கிடையாது. அதற்கு ஒரு வழி: எல்லைக் கோட்டைக் கணினியில் ஒரு டிராக்காக வரைந்து உள்ளே ஏற்றினால் வரைபடத்தின் மேல் கோடாகத் தெரியும். நான் அப்படித்தான் பறக்கிறேன்.

எல்லையின் ஆயத்தொலைவுகளை விமான நிலைய ஆணையத்தின் ஏ.ஐ.பி என்ற வான்வழித் தகவல் தொகுப்பிலிருந்து எடுங்கள், இணையத்தில் இலவசம். அதில் டிகிரி, நிமிடம், விநாடி. கார்மின் பெட்டியிலிருந்து எடுக்கும்போது டிகிரி, தசம நிமிடத்தில் இருக்கும். 12 டிகிரி 40 நிமிடம் 30 விநாடியை 12 டிகிரி 40.30 நிமிடம் என்று அடித்தால் புள்ளி 370 மீட்டர் தள்ளி விழும். முதலில் செட்டிங்கை மாற்றுங்கள்.

உயர் அழுத்த மின்கம்பிகளை எந்தக் கருவியும் நம்பும்படி காட்டாது. தருமபுரி பக்கம் புதுப் புதுக் கோபுரங்களாக முளைக்கின்றன. அதற்குக் கண்தான்.

பர்கூர் தமிழ்

66ஐ பற்றி யாருமே வாய் திறக்கவில்லையே! செல்வா அண்ணா, உடனே மச்சானுக்குப் போன் போடுங்க, அதைத் தொட வேண்டாம் என்று. கடைசியில் இருக்கும் அந்த "ஐ" தான் விஷயம். அதில் இன்ரீச் இருக்கிறது, இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். அனுமதியில்லாமல் அந்த மாதிரிக் கருவி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். விமான நிலையத்தில் பையில் இன்ரீச் இருந்ததற்காக வெளிநாட்டுக்காரர்களே கைதாகியிருக்கிறார்கள். 67ஐ-யும் அப்படித்தான். "ஐ" இல்லாத 66எஸ், 67 வெறும் ரிசீவர், அதில் இந்தச் சிக்கல் கிடையாது.

ஒசூர் பிரபு

அதான் ஒசூருக்கே விமான நிலையம் வரப் போகுதே, அப்புறம் டிரைக் எல்லாம் எங்கே பறக்கிறது?

தளி நாகராஜ்

2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள் தம்பி. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கி.மீ. சுற்றளவுக்குள் 2033 வரை வேறு வரக்கூடாது என்று இருக்கிறது. அது வருகிறபோது பார்ப்போம், அதற்கு வேறு இழை போடுங்க.

ஊத்தங்கரை ஜெயா

என் கணவரும் பறக்கிறவர், கருவி வாங்குவது மட்டும் என் துறை. பழைய ஜி.பி.எஸ்.மேப் 296, 496 செகண்ட் ஹேண்டில் கண்ணில் பட்டால் மயங்காதீர்கள். 2019 ஏப்ரலில் ஜி.பி.எஸ் வார எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு பழைய கருவிகள் சிலவற்றில் இடம் சரியாக வரும், தேதி இருபது வருடம் பின்னால் போய்விடும், சூரியன் மறையும் நேரமும் தப்பு. கார் நேவிகேட்டரும் வேண்டாம். எங்கே பறந்தாலும் பக்கத்துச் சாலையில் கொண்டுபோய் ஒட்டிவிடும்.

போனைக் கைவிட வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் எக்ஸ்.சி.டிராக், எக்ஸ்.சி.சோர் என்று பறக்கிறவர்களுக்கான ஆப்கள் உண்டு, இரண்டும் இலவசம். ஓப்பன் ஏ.ஐ.பி தளத்தில் கிடைக்கும் வான்வெளிக் கோப்பை ஏற்றினால் எல்லை தெரியும். அது தன்னார்வலர்கள் தொகுப்பது, அதனால் ஏ.ஐ.பி-யோடு ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் செல்வா

எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் சொல்லிவிட்டேன், 66ஐ வேண்டாம் என்று. ஐபேட் வைஃபை மாடல்தான், அது பிள்ளைகளுக்கே இருக்கட்டும்.

ரயில் நிலையத்துக்குப் போனேன். பலகையில் இருப்பதைவிடப் போன் 88 மீட்டர் குறைவு. பக்கத்தில் பையனின் ஐபோன் மூன்று நான்கு மீட்டருக்குள் ஒத்துப்போனது. மணி சார் சொன்னது அப்படியே. பலகைக்குக் கீழே இரண்டு போனோடு நின்றதைப் பார்த்து ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார், அது தனிக் கதை.

மிச்சம் சார்ஜர்தான். அந்தச் சிக்னல் தொல்லை என்ஜின் ஓடும்போது மட்டும்தான் வருகிறது என்று நினைத்தேன். நேற்று என்ஜினை அணைத்துவிட்டு வெறும் பேட்டரியில் செருகிப் பார்த்தேன், அப்போதும் வருகிறது.

கெலமங்கலம் மணி

அப்படியென்றால் காரணம் என்ஜின் தீப்பொறி கிளப்பும் மின் இரைச்சல் இல்லை, சார்ஜரேதான். 12 வோல்ட்டை 5 ஆக்கும் மலிவு சார்ஜர்கள் உள்ளே வேகமாக ஆன் ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும். சரியான ஃபில்டர் இல்லையென்றால் அந்த இரைச்சல் ஒயர் வழியாக வெளியே வரும். வானத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ் சிக்னல் மிகவும் பலவீனமானது, அதில் அமுங்கிப்போகும். சாட்டிலைட் பட்டைகள் தெரியும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சார்ஜரைச் செருகுங்கள், பட்டைகள் பொத்தென்று விழுவது தெரியும். ஒரு பவர் பேங்கில் செருகிப் பாருங்கள், அதில் விழாது. பறக்கும்போதும் பவர் பேங்கே போதும், சாக்கெட் பக்கமே போக வேண்டாம்.

காவேரிப்பட்டணம் செல்வா

பவர் பேங்கில் பட்டை அசையவில்லை சார். சரி, முடிவு இதுதான்: ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் முதன்மை, எல்லைக் கோடு டிராக்காக. போன் பவர் பேங்கோடு நிழலில், எக்ஸ்.சி.டிராக் ஓடிக்கொண்டு இருக்கும். ஏரா இப்போதைக்கு இல்லை, சந்தா கட்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் பறப்பது கட்டுப்படியாகாது. ஈட்ரெக்ஸில் பறப்பதற்கு என்று ஏதாவது மாற்ற வேண்டுமா?

தளி நாகராஜ்

ரூட்டிங்கை நேர்கோடு என்று வையுங்கள், சாலையில் பூட்டுவதை அணைத்துவிடுங்கள். காற்றழுத்தமானியை மாறும் உயரம் என்று வைக்க வேண்டும். நிலையான உயரத்தில் விட்டால் மேலே ஏறுவதை அது வானிலை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். கிளம்பும் முன் ஓடுதளத்தின் உயரத்தைக் கொடுங்கள். காலையில் கொடுத்ததை வைத்துச் சாயங்காலம் பறக்காதீர்கள். நம் பக்கத்தில் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் காற்றழுத்தம் தினமும் மூன்று நான்கு மில்லிபார் இறங்கும், கருவி நூறு அடி கூட்டிக் காட்டும்.

அப்புறம் மாட்டுவது. டிரைக்கில் புரொப்பெல்லர் உங்கள் முதுகுக்குப் பின்னால். கையிலிருந்து நழுவுவது எதுவாக இருந்தாலும் நேராக அதற்குள்தான் போகும். தாங்கியை நம்பாமல் கயிறும் போடுங்கள், இருக்கை விளிம்பைத் தாண்டிப் பின்னால் போகாத நீளத்துக்கு. போனுக்கும் பவர் பேங்குக்கும் அதே கயிறு. ஏ.ஏ பேட்டரியை மேலே மாற்றுகிற வேலையே வேண்டாம், ஒவ்வொரு ஞாயிறும் புதிது போட்டுக் கிளம்புங்கள்.

காவேரிப்பட்டணம் செல்வா

பவர் பேங்கை இதுவரை மடியில் சும்மா வைத்துப் பறக்கலாம் என்றுதான் இருந்தேன். ஜிப் வைத்த பையும் கயிறும் வாங்கிவிடுகிறேன். எல்லைக் கோட்டை வரைந்ததும் கோப்பை இங்கே போடுகிறேன் அண்ணா, ஏற்றும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.